யாரோடு யார் பொருவது?

மங்களூர் என்றவுடன் நண்பர்கள் பலருக்கும் கர்நாடகக் கடற்கரையின் துறைமுக நகரமே நினைவுக்கு வரும். நாம் சொல்ல வருவது அந்த மங்களூர் அன்று. கடலூர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், திட்டக்குடிப் பக்கத்தில், ஓர் ஊராட்சி ஒன்றியத்திற்குத் தன் பெயரைத் தந்து நிற்கும் சிற்றூர் அது. கிழக்கே விருத்தாசலத்தில் பீங்கான் சூளைகள் உண்டு. அதற்கும் கிழக்கே நெய்வேலியில் நிலக்கரியும், அதை நம்பி எழுந்த நகரியமும், அந்நகரியத்தின் அகன்ற மைதானங்களும் உண்டு. மங்களூர்ப் பக்கத்தில் உள்ளவை மக்காச்சோளமும் பருத்தியும் வானமும்தாம்.

1993ஆம் ஆண்டு தென்னார்க்காடு மாவட்டம் இரண்டாகப் பிரிந்து, நம் பகுதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்று பெயர் பெற்றது. அப்போது நாம் அவ்வொன்றியத்து உயர்நிலைப் பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்பு மாணவர். கபடி அணியில் ஏழாவது ஆள். பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் இல்லை. ஓவிய ஆசிரியரே அணியின் பொறுப்பாளர். பனியனின் முதுகில் எண்களை நீல மையால் எழுதித் தந்தவரும் அவரே. வட்டாரப் போட்டிக்காக விடியற்காலைப் பேருந்தில் கிளம்பி, வியர்வையில் மை கரைந்து எண்கள் முதுகெல்லாம் வழிய, ஆடுகளத்தில் இறங்கினோம். எதிரே நின்றது நகரத்து மேல்நிலைப் பள்ளி ஒன்று. அதன் பெயர் இங்கே வேண்டா; அப்பிள்ளைகள் மீதும் குற்றமில்லை. ஆனால் அவர்களுள் நால்வருக்கு மீசை அரும்பியிருந்தது. முப்பது நிமிட ஆட்டத்தில் எத்தனை லோனா விழுந்தது என்று எண்ணுவதை இடைவேளைக்கு முன்பே நாங்கள் நிறுத்திவிட்டோம்.

திரும்பும் பேருந்தில் ஓவிய ஆசிரியர், “விடுங்கடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். அணியில் ஐவர் பத்தாம் வகுப்பு. அவர்களுக்கு அந்தப் பள்ளியில் அடுத்த வருஷம் என்று ஒன்று கிடையாது. ஓராண்டுக் காலம் மாலைதோறும் கட்டாந்தரையில் முழங்கால் தேய ஆடிய ஆட்டம் அரை மணி நேரத்தில் முடிந்துபோயிற்று.

பள்ளி விளையாட்டுகளைத் தகுதிவாரியாகப் பிரிக்க வேண்டுமா, எல்லாப் பள்ளிகளும் ஒரே களத்தில் மோத வேண்டுமா என்ற கேள்வி எழும்போதெல்லாம் நமக்கு அந்தப் பேருந்துதான் நினைவுக்கு வருகிறது. கேள்வி புதிதன்று. அதற்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றைச் சற்றே புரட்டிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காதைத் தொட்ட கை

நம் பள்ளிகளில் பிரிவுகளே இல்லை என்று சொல்ல முடியாது. இந்தியப் பள்ளி விளையாட்டுக் கூட்டமைப்பு 1954இல் தோன்றியது. பதினான்கு, பதினேழு, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் என்று அது வகுத்த பிரிவுகளே இன்றளவும் நாடெங்கும் வழங்குகின்றன. தமிழ்நாட்டு உடற்கல்வி ஆசிரியர்களின் வாய்மொழியில் அவை ஜூனியர், சீனியர், சூப்பர் சீனியர். போட்டிகள் குறுவட்டத்தில் தொடங்கி மாவட்டம், மாநிலம் என்று படிப்படியாக மேலேறும். ஆகப் பிரிவு உண்டு. ஆனால் அது வயது என்னும் ஒற்றைக் கோட்டால் ஆன பிரிவு.

அந்தக் கோடு எப்படி வந்தது என்று எண்ணிப் பார்த்தால் சிரிப்பும் வருத்தமும் சேர்ந்தே வருகின்றன. நம் தலைமுறையில் சிற்றூர்ப் பிள்ளைகள் பலருக்குப் பிறப்புச் சான்றிதழ் கிடையாது. பள்ளியில் சேர்க்கும் நாளில் வலக்கையைத் தலைக்கு மேலாக வளைத்து இடக்காதைத் தொடச் சொல்வார்கள். தொட்டால் ஐந்து வயது ஆயிற்று என்று பொருள். தலைமையாசிரியர் அன்றைய கணக்கில் ஒரு பிறந்த நாளைப் போட்டுக்கொள்வார். மே, ஜூன் மாதங்களில் பிறந்தவர்களாகப் பதிவேட்டில் நிற்கும் முதியோர் பலருடைய உண்மையான பிறந்த நாள் அவர்களுடைய அன்னையருக்கு மட்டுமே தெரிந்த ஐப்பசியோ தையோ ஆக இருக்கும். உடலை அளந்து வயது எழுதப்பட்டது. பின்னாளில் அந்த வயதை வைத்து உடல்கள் பிரிக்கப்பட்டன!

பதிவேட்டு வயதை நம்ப முடியாத நிலை இன்னும் தீர்ந்தபாடில்லை. 2012ஆம் ஆண்டு முதல் இந்தியக் கிரிக்கெட் வாரியம் பதினாறு வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் மணிக்கட்டு எலும்பை ஊடுகதிரில் பார்த்து வயதைக் கணிக்கும் முறையைக் கைக்கொண்டது. காதைத் தொட்ட கையிலிருந்து கையின் எலும்புக்கு வந்து சேர்ந்திருக்கிறோம்.

வயது சரியாக எழுதப்பட்டிருந்தாலும் சிக்கல் தீர்வதில்லை. 1985இல் கனடாவில் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடைய துணையாய்வாளர்களும் பனி ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தனர். வயதுக் கணக்கு ஜனவரி முதல் நாளில் தொடங்குவதால், ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்களே முன்னணி அணிகளில் மிகுந்திருந்தனர். ஒரே பிரிவில் நிற்கும் ஜனவரிப் பிள்ளைக்கும் டிசம்பர்ப் பிள்ளைக்கும் இடையே ஏறத்தாழ ஓராண்டு வளர்ச்சி வேறுபாடு. வளரும் வயதில் ஓராண்டு என்பது சில அங்குல உயரமாகக்கூட இருக்கலாம்.

நம் பகுதிக்கே உரிய இன்னொரு வேறுபாடும் இதனுள் ஒளிந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1978இல் மேல்நிலைக் கல்வி வந்தது. அன்று முதல் உயர்நிலைப் பள்ளி பத்தாம் வகுப்போடு நின்றுவிடும். மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை செல்லும். பதினேழு வயதுக்குட்பட்டோர் பிரிவில் உயர்நிலைப் பள்ளி தன் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை இறக்கும். மேல்நிலைப் பள்ளி பதினோராம் வகுப்புப் பிள்ளைகளையும் இறக்கலாம்; அவர்களுக்கும் பதினேழு நிறைந்திருக்காதே! விதி மீறப்படவில்லை. ஆனால் ஒரு பள்ளிக்கு அந்தப் பிரிவின் உச்ச வயதில் ஆட்கள் உண்டு. மற்றொன்றுக்கு என்றுமே இல்லை. 1993இல் நம் எதிரே அரும்பியிருந்த மீசைகளின் விளக்கம் இதுவே என்பது நமக்குப் பல்லாண்டு கழித்தே புரிந்தது.

மல்லனும் தராசும்

பொருதுவோர் இருவரின் வலியை ஒப்பிட்டு எண்ணும் வழக்கம் தமிழுக்குப் புதிதன்று. வள்ளுவர் வலியறிதலுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். வலிமையை நிலைநாட்டுவதையே பொருளாகக் கொண்டு களத்தில் எதிர்நின்று பொருவதைத் தொல்காப்பியம் தும்பைத் திணை என்று தனியே பிரித்துச் சொன்னது. மண்ணுக்கோ ஆநிரைக்கோ அன்றி வலிமைக்காகவே பொருவது என்பதால், இன்றைய விளையாட்டிற்கு மிக அணுக்கமான திணை அதுவே என்று வகுப்பில் நாம் சொல்வதுண்டு. போர்வைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனோடு மற்போர் செய்ததைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடினார். அதே கிள்ளியின் மேல் நக்கண்ணையார் கொண்ட காதலும் அத்தொகையில் பாட்டாக நிற்கிறது. அந்த மல்லனின் எடை என்ன, கிள்ளியின் எடை என்ன என்று புலவர்கள் சொல்லவில்லை. பாட்டுக்கு அது தேவைப்படவில்லை.

1896இல் ஏதென்சில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கிலும் மற்போருக்கு எடைப் பிரிவு இல்லை. ஜெர்மனியின் கார்ல் ஷூமன் குறுகிய உருவினர். அடிப்படையில் உடல்வித்தை வீரர். பளு தூக்குதலில் வென்ற லான்ஸ்டன் எலியட்டை அவர் எளிதில் வீழ்த்தினார். இறுதிப் போட்டி பொழுது சாய்ந்ததால் நின்று, மறுநாள் தொடர்ந்து, ஷூமனே வென்றார். சிறியவன் பெரியவனை வீழ்த்திய இந்தக் கதை இனிக்கிறது. ஆனால் 1904ஆம் ஆண்டு ஒலிம்பிக்கிலேயே எடைப் பிரிவுகள் வந்துவிட்டன. ஷூமன் போன்றோர் அடிக்கடி பிறப்பதில்லை என்பதைப் போட்டி நடத்துவோர் அறிந்திருந்தனர்.

சென்னைக்கு உடற்கல்வியை ஒரு படிப்பாகக் கொண்டு வந்தவர் ஹாரி க்ரோ பக். கிறித்தவ இளைஞர் சங்கத்தின் சார்பில் 1920இல் அவர் சென்னையில் நிறுவிய கல்லூரியே இன்றும் நந்தனத்தில் இயங்கி வருகிறது. 1924ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கிற்குச் சென்ற இந்திய அணிக்கு மேலாளராக இருந்தவரும் அவரே. அதே சங்கத்தின் பணியாளராகச் சீனத்தில் பல்லாண்டு வாழ்ந்தவர் சார்லஸ் மக்ளாய். அமெரிக்கா திரும்பிய பின் 1930களில் அவர் பள்ளிப் பிள்ளைகளைப் பிரிக்க ஒரு சூத்திரம் வகுத்தார். வயதை இருபதாலும், அங்குலக் கணக்கில் உயரத்தை ஆறாலும் பெருக்கி, இரண்டையும் பவுண்டுக் கணக்கிலான எடையோடு கூட்ட வேண்டும். பதினைந்து வயது, அறுபது அங்குலம், தொண்ணூறு பவுண்டு உள்ள பிள்ளைக்கு 750 வரும். பதினாறு வயது, அறுபத்தெட்டு அங்குலம், நூற்று முப்பது பவுண்டு உள்ளவனுக்கு 858. வயதுக் கோடு இவ்விருவரையும் ஒரே பிரிவில் நிறுத்தும். மக்ளாயின் கணக்கோ தள்ளி நிறுத்தும்.

இந்தக் கணக்கை ஒருநாளும் கேள்விப்படாத நம் ஊர்ப் பெரியவர்கள் பொங்கல் கபடியில் எடைப் பிரிவு வைத்து ஆடினார்கள். பருத்தி நிறுக்கும் தராசில் இளைஞர்களை ஏற்றி இறக்கி, கூடுதல் எடை உள்ளவனைச் சிரித்துக்கொண்டே ஒதுக்குவார்கள். ஊர்த் திடலுக்குத் தெரிந்திருந்த நியாயம் பள்ளித் திடலுக்கு ஏன் எட்டவில்லை என்று வியப்பாக இருக்கிறது.

இந்தியானாவின் பாடம்

பிள்ளைகளின் உடலைப் பிரிப்பது ஒன்று. பள்ளிகளையே பிரிப்பது மற்றொன்று. இவ்விரண்டாவது வழக்கு மிகக் கூர்மையாக நடந்த இடம் அமெரிக்காவின் இந்தியானா மாநிலம்.

அங்கே கூடைப்பந்து ஏறக்குறைய ஒரு சமயம். 1911இல் தொடங்கிய மாநிலப் போட்டியில் பெரிய பள்ளி, சிறிய பள்ளி என்ற வேறுபாடு கிடையாது; எல்லாருக்கும் ஒரே கோப்பை. 1954 மார்ச்சில், வெறும் 161 மாணவர்களைக் கொண்ட மிலன் என்னும் சிற்றூர்ப் பள்ளி இறுதிப் போட்டியை எட்டியது. எதிரணி ஏறத்தாழப் பத்து மடங்கு பெரிதான மன்சி சென்ட்ரல். ஆட்டம் சமநிலையில் நிற்க, கடைசி நொடிகளில் பாபி பிளம்ப் என்னும் மாணவர் எறிந்த பந்து வளையத்துக்குள் விழுந்தது. 32–30. அந்த வெற்றியின் சாயலில் 1986இல் ஒரு திரைப்படமே எடுத்தார்கள்.

எழுபது ஆண்டுகள் கழித்தும் அக்கதை சொல்லப்படுகிறது. ஏன்? அது அரிதாக நிகழ்ந்தது என்பதால்தான். அவ்வாண்டு போட்டியில் இறங்கிய பள்ளிகள் எழுநூறுக்கும் மேல். அவற்றுள் மிலனைப் போன்ற சிறு பள்ளிகள் எத்தனையோ முதல் சுற்றிலேயே வீடு திரும்பின. அவற்றைப் பற்றி யாரும் படம் எடுக்கவில்லை. இலக்கியம் பயிற்றுவிக்கும் நாம் இங்கே நம்மையே ஐயுற வேண்டியிருக்கிறது. கதைகள் விதிவிலக்கையே விரும்புகின்றன. விதியைக் காண வேண்டுமானால் தோற்றவர்களின் பெயர்ப் பட்டியலைத் தேட வேண்டும். அதுவோ பெரும்பாலும் எங்கும் இருப்பதில்லை.

கடைசியில் 1997–98 பருவத்திலிருந்து மாணவர் எண்ணிக்கையைக் கொண்டு இந்தியானா பள்ளிகளை நான்கு வகுப்புகளாகப் பிரித்தது. நான்கு கோப்பைகள் வந்தன. சிற்றூர்ப் பள்ளிகளின் வீதிகளில் வெற்றி ஊர்வலங்கள் வந்தன. கூடவே பார்வையாளர் வரவும் குறைந்தது. பழைய ஒற்றைக் கோப்பைக்காக ஏங்குவோர் இன்னும் அங்கே இருக்கின்றனர். இரு தரப்பாரும் பொய் சொல்லவில்லை. பிரித்தபின் அதிகப் பிள்ளைகள் வென்றனர். ஆனால் எந்தப் பிள்ளையும் இனிமேல் மிலன் ஆக முடியாது.

ஆயிரத்து ஒன்பது

பிரிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. மும்பைப் பள்ளிக் கிரிக்கெட்டின் பெருமை பெரியது. அங்கே ஹாரிஸ் கேடயமும் கைல்ஸ் கேடயமும் நூறாண்டைக் கடந்தவை. 1988இல் சச்சின் டெண்டுல்கரும் வினோத் காம்ப்ளியும் சேர்ந்து 664 ஓட்டம் குவித்தது ஹாரிஸ் கேடய ஆட்டத்தில்தான். அந்த மரபின் அடுத்த வியப்பு 2016 ஜனவரியில் மும்பைக்கு அருகே கல்யாணில் நிகழ்ந்தது. பண்டாரி கோப்பைக்கான பள்ளி ஆட்டம் ஒன்றில் பிரணவ் தனவாடே என்னும் பதினைந்து வயதுச் சிறுவர் ஆட்டமிழக்காமல் 1009 ஓட்டங்கள் எடுத்தார். 327 பந்துகள், 129 நான்குகள், 59 ஆறுகள். உலகமே பாராட்டியது. 1899இல் இங்கிலாந்தின் கிளிஃப்டன் கல்லூரியில் ஏ. இ. ஜே. காலின்ஸ் எடுத்த 628 என்னும் பழஞ்சாதனை நூறாண்டுக்குப் பின் விழுந்தது.

பிரணவின் சாதனையைக் குறைத்துச் சொல்வது நம் எண்ணமன்று. அத்தனை பந்துகளை அயராது எதிர்கொண்ட உறுதி அவருடையது. ஆனால் ஆட்ட ஏட்டின் மறுபக்கத்தையும் படிக்க வேண்டும். எதிரணி முதல் முறை 31 ஓட்டம், இரண்டாம் முறை 52 ஓட்டம். பிரணவின் பள்ளி மூன்று பேரை மட்டுமே இழந்து 1465. ஓர் இன்னிங்ஸும் 1382 ஓட்டமும் வித்தியாசம். எதிரணியின் வழக்கமான ஆட்டக்காரர்கள் சிலர் தேர்வின் பொருட்டு வராததால் இளைய சிறுவர்கள் இறங்கியதாகச் செய்திகள் கூறின. இரண்டு நாள் வெயிலில் பந்து பொறுக்கி ஓடிய அந்தச் சிறுவர்களுள் யாரேனும் மறுபடி மட்டையைத் தொட்டார்களா? சாதனை ஏட்டில் அதற்கு இடமில்லை. அவ்வாட்டம் இரு தரப்புக்குமே ஒன்றும் கற்றுத் தரவில்லை என்பதே நம் வருத்தம்.

ஏறுவதும் இறங்குவதும்

அப்படியானால் வலியின்படி பள்ளிகளை அடுக்கலாமே எனலாம். இலங்கையில் அவ்வாறு செய்கின்றனர். அங்கே பள்ளிக் கிரிக்கெட்டில் முதற்பிரிவு, இரண்டாம் பிரிவு என்ற அடுக்குகள் உண்டு. யாழ்ப்பாணத்தில் அதற்கு இணையாக வேறொரு மரபும் உண்டு. யாழ் மத்திய கல்லூரியும் புனித யோவான் கல்லூரியும் 1904 முதல் மோதும் ‘வடக்கின் பெரும்போர்’ எந்தப் பிரிவுப் பட்டியலையும் சார்ந்ததன்று. ஒரே ஊரின் இரு பள்ளிகள் தத்தமக்கு இணையான பகைவரைத் தாமே தேர்ந்துகொண்டு, போர் இடைமறித்த ஆண்டுகளையும் தாண்டி அம்மரபைக் காத்தன. சமவலி உடையோர் ஆண்டுதோறும் சந்தித்தால் அது திருவிழா ஆகிறது.

ஆனால் ஏறி இறங்கும் அடுக்கு முறை பள்ளிக்குப் பொருந்துமா என்பதில் நமக்குத் தயக்கம் உண்டு. சென்னைக் கிரிக்கெட் லீகில் கழகங்கள் முதற்பிரிவிலிருந்து கீழிறங்குவதும் மேலேறுவதும் வழக்கம். கழகத்தில் அதே ஆட்டக்காரர்கள் அடுத்த ஆண்டும் இருப்பர். பள்ளி அணியோ ஆண்டுதோறும் கரைந்துபோவது. சென்ற ஆண்டுப் பிள்ளைகள் வென்றதற்காக இந்த ஆண்டுப் பிள்ளைகளை மேலடுக்கில் நிறுத்தி அடிபட வைப்பதில் நியாயம் இல்லை. அவர்கள் தோற்றதற்காக இவர்களைக் கீழே தள்ளுவதிலும் நியாயம் இல்லை. இரண்டாம் பிரிவுப் பள்ளி என்ற பெயர் ஒருமுறை ஒட்டிக்கொண்டால், விளையாட்டுத் திடலோடு அது நிற்கும் என்று நம்ப நம் சமூகத்தை அறிந்த எவராலும் முடியாது. பீங்கான் சூளையிலிருந்து வெளிவரும் சரக்கை முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரித்து அடுக்குவார்கள். வெந்து முடிந்த பீங்கானுக்கு அது பொருந்தும். பள்ளிப் பிள்ளை இன்னும் சூளைக்குள் இருப்பவன்.

தனித்தொகுதி தரும் குறிப்பு

இவ்விடத்தில் மங்களூரின் வரலாறே நமக்கு ஒரு வழி காட்டுகிறது. மங்களூர் பல்லாண்டுக் காலம் ஒரு சட்டமன்றத் தொகுதி. பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்ட தனித்தொகுதி. 2001இல் தொல். திருமாவளவன் முதன்முதலில் சட்டமன்றம் சென்றது இங்கிருந்துதான். 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பில் அப்பெயர் மறைந்து, திட்டக்குடி தனித்தொகுதி தோன்றியது.

தனித்தொகுதி என்னும் ஏற்பாட்டின் வேர் 1932இல் இருக்கிறது. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரித்தானிய அரசு ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத் தனி வாக்காளர் தொகுதிகளை அறிவித்தது. காந்தியடிகள் உண்ணாநோன்பு இருந்தார். செப்டம்பர் 24இல் பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனி வாக்காளர் முறை போய், பொது வாக்காளர் தேர்ந்தெடுக்கும் 148 ஒதுக்கீட்டு இடங்கள் வந்தன. அம்பேத்கர் எத்தகைய நெருக்கடியில் கையெழுத்திட்டார், அதனால் யாருக்கு நன்மை என்னும் விவாதம் இன்னும் ஓயவில்லை; ஓயவும் வேண்டியதில்லை. நாம் இங்கே கருதுவது அதன் அமைப்பை மட்டுமே. நுழைவாயிலில் பிரிவு உண்டு. உள்ளே போனபின் பிரிவில்லை. தனித்தொகுதியில் வென்றவரின் வாக்கும் பொதுத்தொகுதியில் வென்றவரின் வாக்கும் சட்டமன்றத்தில் ஒன்றே. ‘இரண்டாம் பிரிவு உறுப்பினர்’ என்று ஒருவர் அங்கே இல்லை.

இரண்டும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை. நூற்றாண்டுகளின் இழிவைத் தீர்க்க வந்த ஏற்பாட்டைக் கபடிப் போட்டியோடு சமன் செய்வது தகாது. ஆயினும் சமமற்றோரை ஒரே களத்துக்குக் கொண்டுவர நம் முன்னோர் யோசித்த வழியை, அதே மண்ணின் பிள்ளைகளுக்காகச் சிறிய அளவில் எண்ணிப் பார்க்கலாம் அல்லவா? நுழைவில் பிரிப்போம், முடிவில் பிரிக்க வேண்டா. இதுவே நம் கருத்து.

ஒரு கணக்கு

இதற்குப் பெரும் பணம் வேண்டுவதில்லை. வட்டாரத்தில் பதினாறு பள்ளிகள் என்று கொள்வோம். தோற்றவர் வெளியேறும் முறையில் பதினைந்து ஆட்டங்கள் நடக்கும். எட்டுப் பள்ளிகள் ஒரே ஆட்டத்தோடு வீடு திரும்பும். நான்கு ஆட்டம் ஆடுவோர் இருவர் மட்டுமே. யாருக்குப் பயிற்சி மிகவும் தேவையோ அவர்கள் குறைவாக ஆடுகின்றனர். யார் ஏற்கெனவே வலியரோ அவர்கள் மிகுதியாக ஆடுகின்றனர். இதைக் காட்டிலும் தலைகீழான பள்ளிக்கூடம் ஒன்று இருக்க முடியுமா?

அதே பதினாறு பள்ளிகளை நான்கு நான்காகப் பிரிப்போம். உயர்நிலைப் பள்ளிகளை உயர்நிலைப் பள்ளிகளோடும், உடற்கல்வி ஆசிரியரும் மைதானமும் இல்லாதவற்றை அத்தகையவற்றோடும், விளையாட்டு விடுதி மாணவர் பயிலும் பள்ளிகளை அவற்றையொத்த பள்ளிகளோடும் சேர்ப்போம். ஒவ்வொரு பள்ளியும் மூன்று ஆட்டம் ஆடும். மொத்தம் இருபத்து நான்கு. நான்கு பிரிவுகளின் முதல்வர் நால்வரும் பொதுவான அரையிறுதியில் சந்திக்க, இன்னும் மூன்று ஆட்டம். ஆக இருபத்தேழு. பன்னிரண்டு ஆட்டங்கள் கூடுதல். இன்னும் ஒன்றிரண்டு மாலைகள். கோப்பை ஒன்றே. மிலன் பள்ளியின் கதவும் அடைபடாது. முதல் காலையிலேயே யாரும் துடைத்தெறியப்படவும் மாட்டார்கள்.

கோப்பை ஒன்றாகவே இருக்க வேண்டும் என்று நாம் வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் பொறியியற் படிப்பிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு ஒதுக்கீடு உள்ளது. மங்களூர்ப் பக்கத்து மானாவாரி விவசாயியின் மகளுக்கு ஒரு சான்றிதழ் என்பது சுவரில் மாட்டும் காகிதமன்று. அது ஒரு வேலை. நான்கு கோப்பைகளும் நான்கு விதச் சான்றிதழ்களும் வந்தால், எது அசல், எது நகல் என்ற கேள்வி மறுநாளே எழும். கீழ்ப்பிரிவுச் சான்றிதழ் அப்பெண்ணின் கையில் செல்லாக் காசாகிவிடும்.

கோடு யார் மீது விழுகிறது

பிரிவுக் கோடு இழுப்போர் எவரும் இரண்டு தமிழர்களை மறக்கலாகாது. ஒருவர் புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியின் சாந்தி சௌந்தரராஜன். 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனை என்ற பெயரில் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. ஆண், பெண் என்னும் பிரிவு விளையாட்டின் மிகப் பழைய பிரிவு. அதன் கோடு அவர் மேல் விழுந்தபோது, அந்த வலியை அவர் ஏறத்தாழத் தனியாகவே தாங்க வேண்டியிருந்தது.

மற்றவர் சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன் தங்கவேலு. சிறுவயது விபத்தில் வலக்கால் சிதைந்தவர். பள்ளிப் பருவத்தில் அவருக்கெனத் தனிப்பிரிவு கிடைக்கவில்லை. பதினான்காம் வயதில், உடற்குறை இல்லாத மாணவர்களோடு உயரம் தாண்டி இரண்டாமிடம் பெற்றார். பின்னர் 2016 ரியோ பாராலிம்பிக்கில் தம் பிரிவில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். டோக்கியோவிலும் பாரிசிலும் பதக்கம் தொடர்ந்தது. திறந்த களம் அவரைக் கண்டுபிடித்தது; தனிப்பிரிவு அவரை உலகின் முன் நிறுத்தியது. இரண்டில் ஒன்று இல்லாதிருந்தாலும் நாம் அவரை அறிந்திருக்க மாட்டோம். பிரிப்பதா கூடாதா என்று ஒற்றைச் சொல்லில் விடை கேட்போருக்கு நாம் தரக்கூடிய விடை அவருடைய வாழ்க்கையே.

பிரிவு ஒரு படிக்கட்டாக இருக்கும் வரை நன்று. அறையாக மாறிக் கதவு சாத்தப்படும்போது தீது.

சென்ற பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தோம். பழைய பள்ளித் திடலில் மாலை வெயிலில் பிள்ளைகள் கபடி ஆடிக்கொண்டிருந்தனர். கோடு போடச் சுண்ணாம்பு இல்லை. குச்சியால் மண்ணைக் கீறி எல்லை வகுத்திருந்தார்கள். ஆள் பிரிக்கும்போது தலைவன் பொறுப்பேற்ற பையன் ஒருவன் பெரியவர்களில் ஒருவனை இப்பக்கமும் ஒருவனை அப்பக்கமும் நிறுத்தினான். பொடியன்களையும் அவ்வாறே பங்கிட்டான். இரு பக்கமும் ஒத்திருக்கிறதா என்று ஒருமுறை கண்ணால் அளந்து பார்த்தான். மனம் ஒப்பவில்லை போலும். இருவரை இடம் மாற்றினான். அதன் பிறகே, “ஆரம்பிக்கலாம்டா” என்றான்.

முன்பு எங்களை விருத்தாசலத்துக்கு அழைத்துச் சென்ற அந்த ஓவிய ஆசிரியர் இன்றில்லை. இருந்திருந்தால் அந்தப் பையனை அவரிடம் காட்டியிருப்போம்.